வெள்ளிக் கொக்கின் முகமூடியும் மச்சானின் மனத்தாங்கலும்

ஊரார் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாலும் உள்ளத்து அன்பை ஒருநாளும் பிடுங்காத பெருந்தகை, நம் வியாழக்கிழமை வாசகர் வட்டத்தின் தலைவர், பல் மருத்துவர் அம்மையார் அவர்களே! வண்டி வந்தாலும் வராவிட்டாலும் வாசலில் நின்று வழி பார்த்து, வாரந்தோறும் எங்கள் வயிற்றில் பால் வார்க்கும் புத்தகக் கடை அக்கா அவர்களே! மழை கொட்டினாலும் மண்டை காய்ந்தாலும் வரிசையை விட்டு விலகாத வாசகப் பெருமக்களே! "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் என்ன பொம்மைப் புஸ்தகம்?" என்று எங்களைக் கேட்டுவிட்டு, நாங்கள் குளிக்கப் போன நேரம் பார்த்து அதே புத்தகத்தை எங்களுக்கு முன்பே படித்து முடித்துவிடும் தாய்மார்களே! வேறு ஏதோ கூட்டம் என்று நினைத்து உள்ளே வந்து, எழுந்து போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் மூன்றாம் வரிசைப் பெரியவரே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் பணிவான வணக்கம். பெரியவரே, கவலை வேண்டாம். கடைசியில் தேநீர் உண்டு.

நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியன். ஓய்வு பெற்ற மறு வாரம் என் துணைவியார் என்னைப் பார்த்து, "வீட்டுக்குள்ளயே குறுக்கும் நெடுக்கும் நடக்காதீங்க. வெளிய போய் ஏதாவது வாங்கிட்டு வாங்க" என்றார். எதை வாங்குவது என்று சொல்லவில்லை. கேள்வியில் குறை இருந்தால் மாணவன் என்ன செய்வான்? தனக்குத் தெரிந்த விடையை எழுதுவான். நானும் அப்படித்தான் எழுதினேன். அன்று வியாழக்கிழமை. கையில் காமிக்ஸோடு வீடு திரும்பினேன். அதற்குப் பிறகு எந்த வியாழக்கிழமையும் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

அவையோரே, அந்த வியாழக்கிழமைக் காலையை நான் வர்ணிக்க வேண்டுமா? நீங்கள் அறியாததா? வேன் வந்து நிற்கும். கட்டு இறங்கும். அக்கா கத்தரிக்கோலை எடுப்பார். அதுவரை அரசியல் பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்குவார்கள். ஆட்டோ பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதையும் மறப்பார்கள். கயிறு 'டக்' என்று அறுபடும். அச்சு மை வாசனை கிளம்பும். ஆகா! மல்லிகைக்கு மணம் உண்டு, மண்ணுக்கு மணம் உண்டு; மை காயாத புத்தகத்துக்கு இருக்கும் மணம் மற்ற எதற்காவது உண்டா?

வரிசையில் வங்கி மேலாளர் ஒருவர் நிற்பார். புத்தகம் கைக்கு வந்ததும் கோப்புக்குள் செருகிக்கொண்டு, யாரும் கேட்காமலே, "பையனுக்கு" என்பார். அவருக்குப் பையன் இல்லை. கல்யாணமே ஆகவில்லை. எழுந்திருக்க வேண்டாம் ஐயா, பெயர் சொல்லவில்லையே!

நம் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டைப் பிரித்ததும் அக்கா ஸ்டேப்ளரை எடுத்து, ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தை மூடி மூன்று பின் அடித்துவிடுவார். ஏன்? முன்பெல்லாம் சிலர் கடையில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அட, இவ்வளவுதானா" என்று திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களைத் தடுக்க அடித்த அந்த ஸ்டேப்ளர் பின்தான் காலப்போக்கில் நமக்கு ஒரு விரதமாகிவிட்டது. வீட்டுக்குப் போய், முதல் பக்கத்திலிருந்து முறையாகப் படித்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று பின்னையும் நகத்தால் கழற்றுவது ஒரு தனிச் சுகம். நகம் உடைந்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள்... பாருங்கள், தலைவரும் தூக்குகிறார்!

இன்னொரு விரதமும் உண்டு. வியாழன் முதல் ஞாயிறு வரை யாரும் யாரிடமும் கதையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. அதற்கு 'வாய்ப்பூட்டு' என்று பெயர். ஞாயிறு மாலை அக்கா கடை வாசலில் கூடினால்தான் வாயைத் திறக்கலாம். திறந்தால் மூடுவது யார் என்பது வேறு விஷயம்.

இத்தனை விரதமும் யாருக்காக? வெள்ளிக் கொக்குக்காக! சூப்பர் ஹீரோக்கள் உலகில் ஆயிரம் பேர் இருக்கட்டும். ஒருவர் அம்பு போலப் பறக்கட்டும், ஒருவர் மலையைப் பெயர்க்கட்டும். நம் வெள்ளிக் கொக்கு என்ன செய்யும்? நிற்கும். கூரை மேல் ஒற்றைக் காலில், அசையாமல், சிலை போல் நிற்கும். கெட்டவர்கள் சிலை என்றே நினைத்து, அதன் அடியில் உட்கார்ந்து சதித்திட்டம் தீட்டுவார்கள். தீட்டி முடிக்கும் வரை பொறுத்திருந்து, பிறகு தலையில் ஒரே கொத்து! பறக்கவும் பறக்கும், ஆனால் மெதுவாக. பேருந்தே முந்திவிடும். ஒருமுறை பசை மன்னன் என்ற கொடியவன் நகரம் முழுக்கப் பசையைக் கொட்டினான். எல்லா வீரர்களும் இரண்டு காலும் ஒட்டிக்கொண்டு தவித்தார்கள். ஒற்றைக் காலில் நின்றவருக்கு ஒட்டியதும் ஒற்றைக் கால்தானே? மறு காலால் உதைத்தே ஜெயித்தார்!

அதைப் படித்துவிட்டு நான் வீட்டு அடுப்படியில் ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன். துணைவியார் வந்து, "கால் வலியா?" என்றார். "இல்லை, பயிற்சி" என்றேன். "அப்படியே நின்னு பால் பொங்காமப் பாத்துக்குங்க" என்று போய்விட்டார். பொங்கிவிட்டது. பயிற்சி போதவில்லை.

வெள்ளிக் கொக்கின் முகமூடிக்குள் இருப்பது யார்? நமக்கெல்லாம் தலைமுடி நரைக்கும் வரை அவிழாத புதிர் அது. தலைவர், "அது நிச்சயம் அந்த ஊர் மருத்துவர்தான்" என்பார். வங்கி மேலாளர் நகராட்சித் தலைவர் மேல் சந்தேகப்பட்டார். நான் அந்தக் கதையில் வரும் கணக்கு வாத்தியார்தான் என்று படம் போட்டு, கோணம் அளந்து, ஐயம் திரிபற நிரூபித்தேன். சிரிக்காதீர்கள். என் நிரூபணத்தில் ஒரு பிழையும் இல்லை. விடை மட்டும்தான் தவறு.

ஒருநாள் அறிவிப்பு வந்தது. 'வரும் வாரம், கடைசிப் பக்கத்தில், முகமூடி கழல்கிறது!'

இந்த இடத்தில்தான், அவையோரே, நான் இன்று மேடை ஏறிய காரணம் தொடங்குகிறது. நம் வட்டத்தின் மூத்த உறுப்பினர் பூட்டுக்காரர். பூட்டு ரிப்பேர் செய்பவர். வெள்ளிக் கொக்கின் வெறியர். தன் கடைப் பலகையில் சாவிக்குப் பதிலாகக் கொக்கை வரைந்து வைத்து, பறவை விற்கும் கடை என்று ஆட்கள் வந்து விலை கேட்கும்படி செய்தவர். அவருடைய தங்கை பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவரும் நம் உறுப்பினர். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று வாங்குவார்கள். பூட்டுக்காரர் பேசிக்கொண்டே இருப்பார். மெக்கானிக் கேட்டுக்கொண்டே இருப்பார். அப்படி ஒரு பொருத்தம்!

அந்த முகமூடி வாரத்தில் பூட்டுக்காரருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. கட்டை அவிழ்க்கும்வரை எதையும் படிக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நாங்க படிச்சுக் காட்டுறோம்" என்றோம். படுக்கையிலிருந்தே கையை உயர்த்தித் தடுத்தார். "வேணாம். இத்தன வருஷம் காத்திருந்தேன். என் கண்ணாலதான் பாப்பேன். அதுவரைக்கும் எவனாவது வாயத் திறந்தீங்க, அந்த வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவிய ஆத்துல எறிஞ்சிடுவேன்" என்றார்.

அவ்வளவுதான்! ஊரே வாயைக் கட்டிக்கொண்டது. ஞாயிறு தாண்டியும் வாய்ப்பூட்டு நீடித்தது. முடிதிருத்தும் கடையில் யாராவது "கொக்கு" என்று தொடங்கினால், கடைக்காரர் ரேடியோவை உரக்க வைப்பார். மருத்துவமனைக்குப் பார்க்கப் போனவர்களெல்லாம் வாய் தவறிவிடுமோ என்ற பயத்தில் உலகத்திலேயே சுவையற்ற விஷயங்களாகத் தேடிப் பேசினார்கள். நான் போய்ச் சாக்கடை அடைப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். எனக்குப் பின் வந்த வங்கி மேலாளர் வட்டி விகிதம் பேசினார். நர்ஸ் வந்து, "நோயாளி தூங்கிட்டாரு, நன்றி" என்றார்.

அப்போது, அன்புடையீர், தங்கை தன் கணவரிடம் ஒரு ஃப்ளாஸ்க்கில் சூப்பு ஊற்றிக் கொடுத்து, "அண்ணனுக்குக் குடுத்துட்டு வாங்க. ரெண்டு வார்த்த ஆறுதலாப் பேசிட்டு வாங்க" என்று அனுப்பினார். யாரை? லிஃப்ட் மெக்கானிக்கை! பணி நேரத்தில் "மேலயா, கீழயா?" என்பதற்கு மேல் பேசிப் பழகாத மனிதரை! போனார். சூப்பைக் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணில் கட்டோடு மச்சான். அறையில் மின்விசிறிச் சத்தம். என்ன பேசுவது?

நடந்ததைச் சொல்லும் முன் ஒரு பொது அறிவிப்பு. அந்த இதழ் வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் படிக்காதவர் யாராவது இருந்தால் இப்போதே காதைப் பொத்திக்கொள்ளுங்கள். மூன்றாம் வரிசைப் பெரியவர் பொத்துகிறார், அவர் இந்தக் கூட்டத்துக்கே வரவில்லை, போகட்டும். அட! தலைவர் அவர்களே, நீங்களுமா? வட்டத்தின் தலைவரே இன்னும் படிக்கவில்லையா! சரி, இறுக்கமாகப் பொத்துங்கள் அம்மா.

நம் மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார். இப்படிச் சொன்னார்: "அந்தக் கொக்கு வேற யாரும் இல்ல மச்சான். கண்ணாடிக்காரம்மாதான். ஃப்ளாஸ்க்கக் காலி பண்ணிக் குடுங்க, நான் கெளம்பணும்."

அடடா! அவையோரே, கண்ணாடிக்காரம்மாள் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வாரந்தோறும் வெள்ளிக் கொக்கு ஏதாவது ஒரு ஜன்னலை உடைத்துக்கொண்டுதான் உள்ளே பாயும். வாரந்தோறும் கதையின் மூலையில் ஒரு தடித்த அம்மாள் கக்கத்தில் கண்ணாடித் தகட்டோடு வந்து, "எவன் உடைச்சான்?" என்று முணுமுணுத்துக்கொண்டே புதுக் கண்ணாடி மாட்டுவார். நாம் அவரைப் பார்த்துச் சிரித்தோம், அவரைக் கவனிக்கவில்லை. உடைத்தவரும் அவரே! மாட்டியவரும் அவரே! காலமெல்லாம் கண் முன்னால் நின்றவரைக் காணத் தவறிய நம்மைவிடக் கெட்டவர்களே தேவலை. அவர்களாவது சிலை என்று ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள்!

தலைவர் அவர்களே, காதை எடுக்கலாம். எடுக்கலாம் அம்மா! யாராவது அவரைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அன்றோடு பேச்சு நின்றது. பூட்டுக்காரர் குணமாகி வீடு திரும்பினார்; மாப்பிள்ளை முகத்தில் விழிக்கவில்லை. வியாழக்கிழமை வரிசைக்கு வரவில்லை. அவர் பங்குப் புத்தகங்கள் அக்கா கடையில் பின் கழற்றாமல் அடுக்கடுக்காய்க் கிடக்கின்றன. இதில் இன்னொரு கொடுமை கேளுங்கள். பூட்டுக்காரர் ஐந்தாம் மாடியில் குடியிருக்கிறார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றுவிட்டது. வேறு மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றார்கள். "என் மாப்ள கை வச்ச லிஃப்ட்ல வேற எவனும் கை வைக்கக் கூடாது" என்று தடுத்துவிட்டார். சரி, மாப்பிள்ளையைக் கூப்பிடுவாரா? மாட்டார். படியேறுகிறார்! மூச்சு வாங்க, முழங்கால் நோக, முறைத்துக்கொண்டே ஏறுகிறார்!

அங்கே மாப்பிள்ளை வீட்டு வாசற்பூட்டு இறுகிக்கொண்டது. வேறு பூட்டுக்காரரைக் கூப்பிட்டால் மச்சானுக்கு அவமானம். மச்சானைக் கூப்பிடப் பயம். ஆகவே மனிதர் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகிறார், ஜன்னல் வழியாக வேலைக்குக் கிளம்புகிறார். பக்கத்து வீட்டார் இரண்டு முறை போலீஸுக்குச் சொல்லிவிட்டார்கள். கோபத்திலும் இத்தனை மரியாதையா! இவர்களைத் திட்டுவதா, இவர்களுக்கு மாலை போடுவதா?

தங்கை என்னிடம் வந்தார். பேருந்துச் சாவியை மேசை மேல் வைத்தார். "சார், ஒருத்தர் படியேறியே சாகுறாரு, ஒருத்தர் ஜன்னலேறியே சாகுறாரு, அவரு பின்னால நானும் ஏறுறேன். ஞாயித்துக்கெழம சமைச்சா ரெண்டு பாத்திரத்துல போட்டு ரெண்டு பக்கம் ஓடுறேன். அண்ணன் வேணுமா புருஷன் வேணுமான்னு கேக்குறதுக்கு இவங்க சண்ட ஒரு சொத்துச் சண்டையா? ஒரு கொக்குச் சண்ட! வெளிய சொன்னா எனக்கு வெக்கமா இருக்கு. நீங்க மேடையில பேசி எங்கண்ணன் மனச மாத்துங்க. இல்லேன்னா ரெண்டு பேரையும் பஸ்ல ஏத்திக் கதவச் சாத்திட்டு, நான் எறங்கிப் போயிடுவேன்" என்றார். சொல்லும்போது சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

அதனால்தான் இன்று அண்ணனைக் கடைசி வரிசையிலும் கணவரைப் பக்கவாட்டு வரிசையிலும் உட்கார வைத்து, தான் நடு வாசலில் நிற்கிறார். யாரும் தப்ப முடியாது!

பூட்டுக்காரர் அவர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். முடிவு தெரிந்துவிட்டது என்பதால் கதை செத்துவிட்டதா? ரயிலில் ஏறுகிறோம். கடைசி நிலையம் எது என்று பயணச்சீட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. அதற்காக ஜன்னலைச் சாத்திவிட்டா உட்காருகிறோம்? உணவு உண்கிறோம். முடிவில் கை கழுவப் போகிறோம் என்று தெரியும். அதற்காக முதலிலேயே கழுவிவிட்டு எழுந்து போகிறோமா? கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடைகள் இருக்கின்றன. விடைக்கு ஒரு மதிப்பெண், வழிக்கு நான்கு! முடிவு தெரிந்தால் முடிந்துவிடுமா கதை? விடை தெரிந்தால் விலகிவிடுமா சுவை? முகம் தெரிந்தால் முறிந்துவிடலாமா உறவு? நானே அந்த இதழை எத்தனை முறை படித்தேன் தெரியுமா? ஒவ்வொரு முறையும் அந்த முகமூடி கழலும்போது...

என்ன? கடைசி வரிசையில் ஒரு கை உயர்கிறதே. பூட்டுக்காரர்தான்! எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் ஐயா. பின் பெஞ்சு சொன்ன பதிலை முன் பெஞ்சுக்குத் திருப்பிச் சொல்லியே காலம் கழித்தவன் நான். நீங்கள் சொல்லச் சொல்ல எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

"சார், நீங்க நல்லாப் பேசுறீங்க. ஆனா தப்பான ஆளுக்குப் பேசுறீங்க" என்கிறார். கை தட்டாதீர்கள், கேட்போம்.

"முடிவச் சொன்னதுக்கு எனக்குக் கோவமில்ல சார். சொன்ன விதத்துக்குத்தான் கோவம்" என்கிறார்!

"கண்ணக் கட்டிப் படுத்திருக்கேன். சொல்றதுன்னு ஆச்சு, அத ஒழுங்காச் சொல்லக் கூடாதா? ஒரு இடி இல்ல, ஒரு மழை இல்ல. அந்தம்மா எங்க நின்னா, எப்படித் திரும்பினா, முகமூடிய எந்தக் கையால எடுத்தா, ஒண்ணும் இல்ல. கரண்டு பில்லு வந்திருக்குன்னு சொல்ற மாதிரிச் சொல்லிட்டு, ஃப்ளாஸ்க்கத் திருப்பிக் கேக்குறான் சார்!"

அமைதி, அமைதி. சிரிக்காதீர்கள். தாய்மார்களே, நீங்களுமா? ஐயா, பிறகு கட்டை அவிழ்த்ததும் நீங்களே அந்தப் பக்கத்தைப் படித்திருக்கலாமே?

"எங்க சார் படிக்கிறது? புஸ்தகத்தத் தொட்டாலே, இவன் கொரல்லதான் காதுல கேக்குது!"

அவையோரே, ஆசிரியன் ஒருவன் கேள்வியையே தப்பாகப் படித்துவிட்டு, பக்கம் பக்கமாக விடை எழுதியிருக்கிறான். இவ்வளவு நேரம் பேசியதற்கு எனக்கு நானே சுழியம் போட்டுக்கொள்கிறேன். ரயில், சாப்பாடு, கணக்கு, எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள்.

மெக்கானிக் ஐயா, நீங்கள் ஏதாவது சொல்கிறீர்களா? ... எழுந்துவிட்டார். மெல்லச் சொல்கிறார், நான் சொல்கிறேன். "எனக்குச் சொல்ல வராது மச்சான்" என்கிறார்.

பூட்டுக்காரர் கேட்கிறார்: "வராதுன்னு தெரியுதில்ல? அப்புறம் எதுக்குச் சொன்ன?"

"நீங்க எப்பவும் பேசிக்கிட்டே இருப்பீங்க. அன்னிக்குச் சும்மாக் கெடந்தீங்க. பாக்கவே பயமா இருந்துச்சு. உங்களுக்கு ஏதாவது குடுக்கணும்னு தோணுச்சு. எங்கிட்ட இருந்ததுலயே பெருசு அதுதான். அதான் குடுத்துட்டேன்."

...

மன்னியுங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

பெரியோர்களே, கேட்டீர்களா? நோயாளியைப் பார்க்கப் போகிறோம், பழம் வாங்கிப் போகிறோம். அன்போடுதான் வாங்குகிறோம். ஆனால் தோல் உரிக்காமல், துண்டு போடாமல், முழுப் பலாவையும் தூக்கிப் படுத்திருப்பவர் மார்பில் வைத்தால்? அன்பு குறைவில்லை, உரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்! வாய் உள்ளவன் எல்லாம் கதை சொல்லிவிடுவானா? மனம் உள்ளவனுக்கெல்லாம் சொல் வந்துவிடுமா? வராதவனிடம் வா என்று சொல்ல வேண்டாமா? தலைவர் அவர்களே, மறுபடியும் காதைப் பொத்துங்கள். ஜன்னலை உடைத்த கையே கண்ணாடியும் மாட்டியது என்பதைத்தானே அந்தக் கடைசிப் பக்கம் நமக்குக் காட்டியது? அப்படியென்றால் இங்கே மட்டும் மத்தியஸ்தம் எதற்கு? மேடைப் பேச்சு எதற்கு? நான்தான் எதற்கு? உடைத்தவரே வரட்டும்! உடைத்தவரே மாட்டட்டும்! ஊர் கூடியிருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. இடியோடும் மழையோடும் அந்தக் கடைசிப் பக்கத்தை ஒரு வரி விடாமல் மச்சானுக்குச் சொல்ல, மெக்கானிக் ஐயா, மேடைக்கு வாருங்கள்!

வரமாட்டேன் என்று தலையை ஆட்டுகிறார். தங்கை அருகே வருகிறார். முதுகில் கை வைக்கிறார். தள்ளுகிறார்! பேருந்து ஓட்டிய கை, சும்மாவா? வந்துவிட்டார். நில்லுங்கள், ஒலிபெருக்கியை இறக்கித் தருகிறேன். ஐயா, அதை இறுகப் பிடிக்காதீர்கள், அது லிஃப்ட் கயிறு இல்லை.

"மழை" என்கிறார்.

நின்றுவிட்டார். நாமும் காத்திருப்போம், நமக்கென்ன அவசரம்?

கீழிருந்து பூட்டுக்காரர்: "எப்படிப்பட்ட மழ?"

"பெரிய மழை."

"சத்தமே காணோமே!"

நியாயம்தானே? மழைக்குச் சத்தம் வேண்டாமா? முதல் இரண்டு வரிசையும் விரலால் நாற்காலியைத் தட்டுங்கள். அப்படித்தான்! பின் வரிசை, நீங்கள் இடி. காலால் தரையை உதையுங்கள். மெல்ல, மெல்ல, மண்டபத்துக்கு நாமே பொறுப்பு. மூன்றாம் வரிசைப் பெரியவர் ஊதுகிறார், அவர்தான் காற்று! சொல்லுங்கள் ஐயா.

"மழையில... கூரை மேல... கொக்கு நிக்குது. இப்படி."

அவையோரே, மெக்கானிக் நம் கண் முன்னே ஒரு காலைத் தூக்குகிறார்! என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஐயா. விழுந்தால் இருவரும் விழுவோம்.

பூட்டுக்காரர் சத்தம் போடுகிறார்: "டேய் மாப்ள! வலது கால்ல நிக்கிற! கொக்கு என்னிக்குடா வலது கால்ல நின்னுச்சு? எப்பவும் இடது காலுதான்!"

மெக்கானிக் காலை மாற்றவில்லை. அப்படியே நின்று சொல்கிறார்: "இந்தப் பக்கத்துல மட்டும் வலது காலு மச்சான்."

பூட்டுக்காரர், "வலதா?" என்கிறார். "ஏன்டா?"

"மேல வாங்க. சொல்றேன்."

வருகிறார்! நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். வழி விடுங்கள், நீட்டிய கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். படியேறிப் பழகிய கால், இரண்டே எட்டில் மேடை ஏறிவிட்டது. கோபமாகத்தான் வருகிறார், ஆனால் கேட்கத்தான் வருகிறார். மாப்பிள்ளையின் மறு தோளை இவர் பிடித்துக்கொள்கிறார். ஆகவே நான் என் தோளை விடுவித்துக்கொள்கிறேன்.

பொறுமையாகக் கேட்ட காதுகளுக்கு நன்றி. குறுக்கே பேசிய வாய்களுக்கு அதைவிடப் பெரிய நன்றி. தலைவருக்கும் அக்காவுக்கும், வாசலை விட்டு இறங்கி இப்போது முன் வரிசையில் உட்கார்ந்துவிட்ட தங்கைக்கும், வந்திருக்கும் பெரியோருக்கும் தாய்மாருக்கும் கைகூப்பி வணக்கம் சொல்லி இறங்குகிறேன். ஒலிபெருக்கி இனி மெக்கானிக்கிடம். மழை விடக் கூடாது, தட்டுங்கள்.